ஓர் ஏக்கர் நெல்லும் மாதச் செலவும்: கிராமத்துப் பிள்ளைகள் ஏன் நகரத்துக்குப் போகிறார்கள்?

மேலூர் பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ ஒரு டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் பதில் உடனே வந்து விழும். "இந்தக் காலத்துப் பயலுகளுக்கு உடம்பு வளையாது." "செல்போன் கெடுத்துப்போட்டது." "நூறு நாள் வேலை வந்ததும் வயக்காட்டுக்கு எவன் வர்றான்?" படித்தவர்கள் பேசினால் சொற்கள் கொஞ்சம் நாகரிகமாகும், பொருள் அதேதான்: மண்ணின் மேல் பிள்ளைகளுக்குப் பற்றில்லை.

இப்படிப் பழி சுமக்கிற பிள்ளைகளில் பலர் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் நின்றபடியே வேலை பார்க்கிறவர்கள். கோயம்புத்தூரில் வார்ப்புப் பட்டறையின் அனலில் நிற்கிறவர்கள். மதுரையில் ஜவுளிக்கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை உட்காராமல் துணி எடுத்துப் போடுகிறவர்கள். உடம்பு வளையாதவர்கள் செய்யக்கூடிய வேலை இவற்றில் எதுவும் இல்லை. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அது பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம்

பிறந்த ஊரையோ கடைசியாகக் குடியிருந்த ஊரையோ விட்டு வேறோர் ஊரில் குடியிருக்கப் போவதற்குக் குடிபெயர்வு என்று பெயர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. இதன்படி, திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வேலைக்கு வந்து இரவு ஊர் திரும்புகிறவர் குடிபெயர்ந்தவர் ஆக மாட்டார். ஆனால் அவர் விவசாயத்தை விட்டவர். மறுபக்கம், திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி, அறுப்புக்கும் பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் ஊர் வந்து போகிற ஒருவர் குடிபெயர்ந்தவர்தான். ஆனால் விவசாயத்தை முழுக்க விட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

விவசாயத்தை விடுவது, ஊரை விடுவது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பேச்சு பாதி வழியிலேயே தடம் மாறுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தியாவில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவர்கள் 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12.7 கோடி. 2011இல் 11.9 கோடி. அதே பத்தாண்டில் விவசாயக் கூலித் தொழிலாளர் எண்ணிக்கை 10.7 கோடியிலிருந்து 14.4 கோடியாக ஏறியது. பயிர் வைப்பதை விட்டவர்கள் எல்லாரும் நகரத்துக்குப் போய்விடவில்லை. சிலர் பக்கத்து வயலுக்கே கூலிக்குப் போனார்கள்.

டீக்கடை வரவும் வயல் வரவும்

டீக்கடைக்காரருக்குத் தினமும் சில்லறை வருகிறது. குறைவாக வந்தாலும் வருகிறது. பால் பாக்கெட்டுக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டியதை இன்றைய கல்லாவிலிருந்து எடுத்துவிடுவார்.

நெல் வயலில் முதல் உழவிலிருந்து பணம் கைக்கு வரும்வரை ஐந்து மாதம். அதுவரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எடுப்பது ஒரே ஒருநாள். குடும்பத்தின் செலவோ அப்படி வருவதில்லை. பள்ளிக்கூட வேன், சிலிண்டர், போன் ரீசார்ஜ், வண்டித் தவணை என்று மாதா மாதம் வரும். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை. ஆவணியிலும் தையிலும் கல்யாணம், காதுகுத்து என்று செய்முறை. மதுரைச் சீமையில் செய்முறையைத் தள்ளிப்போட முடியாது. நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் வைத்ததைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும்.

ஐம்பது ஆண்டுக்கு முன்னும் வரவு இப்படித்தான் இருந்தது. செலவுதான் மாறிவிட்டது. அன்றைக்கு வீட்டுச் செலவில் பெரும்பகுதி நெல்லாகவே நடந்தது. கூலி நெல், வண்ணாருக்கும் ஆசாரிக்கும் களத்து நெல், சாப்பாட்டுக்குக் குதிர் நெல். இன்றைக்கு எல்லாம் ரொக்கம். போகத்துக்கு ஒருமுறை வரும் பணத்தை வைத்து மாதாமாதச் செலவைக் கட்ட வேண்டுமானால் நடுவில் கடன் வேண்டும். அந்தக் கடன் பெரும்பாலும் நகை. தண்ணீர் திறந்ததும் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகும், அறுப்பு முடிந்து மீளும். சில வருஷம் மீளாது.

சுருக்கமாக: வரவு மொத்தமாக, தாமதமாக வருகிறது. செலவு சிறுசிறிதாக, தவறாமல் வருகிறது. இந்த இடைவெளியை அடைக்க ஒரு மாதச் சம்பளம் தேவைப்படுகிறது. இதுதான் முதல் உந்துதல்.

ஓர் ஏக்கரை விரித்துப் பார்த்தால்

கீழே உள்ளது மாதிரிக் கணக்கு. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் கூலியும் வாடகையும் மாறும். கணக்கின் போக்கு மாறாது. சொந்த நிலம், வாய்க்கால் பாசனம், கைநடவு, பெல்ட் வண்டி என்னும் அறுவடை எந்திரத்தில் அறுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

உழவும் தொழி அடிப்பும் (சேறு கலக்குவது), டிராக்டர் மூன்றரை மணி நேரம்: ரூ.4,200
வரப்பு வெட்டு, எட்டு சென்ட் நாற்றங்கால்: ரூ.2,500
விதை 25 கிலோ: ரூ.1,200
நாற்றுப் பறிப்பும் நடவும்: ரூ.5,500
உரம், ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா, ஒரு மூட்டை பொட்டாஷ்: ரூ.3,500
களை எடுப்பு: ரூ.3,000
பூச்சிமருந்து: ரூ.2,000
அறுவடை வண்டி ஒன்றேகால் மணி நேரம்: ரூ.3,500
ஏற்றுக்கூலி, வண்டி வாடகை: ரூ.1,500

மொத்தம் ரூ.26,900. தண்ணீர் கட்டுவது, காவல், மேற்பார்வை எல்லாம் வீட்டு ஆட்களின் உழைப்பு. அதற்கு ஒரு பைசாவும் இதில் போடவில்லை. செலவுப் பணத்தை மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் ஐந்து மாதத்தில் வட்டி மட்டும் இன்னும் ரூ.2,700. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்து, கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஆகவே சங்கக் கடன் கிடைப்பவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே ஏக்கருக்கு இந்த ரூ.2,700 வேறுபாடு முதலிலேயே விழுந்துவிடுகிறது.

இனி வரவு. நல்ல விளைச்சல் என்றால் 22 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து அரசு கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,500, சன்ன ரகத்துக்கு ரூ.2,545. சாதாரண ரகம் என்றே வைத்தால் ரூ.55,000. செலவு போக, வட்டி இல்லையென்றால், ஏக்கருக்கு ரூ.28,000 நிற்கும்.

இந்த விலையைப் பிடிப்பது தனி வேலை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மத்திய அரசின் தளர்வு வந்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். வண்டியில் அறுத்த நெல்லில் ஈரம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிக் காயவைக்கக் களம் வேண்டும். களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் கொட்டுகிறார்கள். அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் நெல் முளைகட்டும், நிறம் மாறும். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (யார் என்ன பயிர் வைத்தார் என்ற பதிவு), வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், வரிசை வேறு. பொறுக்க முடியாதவர் களத்துக்கே வரும் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பயிர் வைத்தவருக்கு அடங்கலில் பெயர் இல்லையென்றால் வியாபாரியை விட்டால் வேறு வழி குறைவு.

சராசரி வேறு, நிச்சயம் வேறு

ரூ.28,000 நல்ல வருஷத்துக் கணக்கு. எல்லா வருஷமும் நல்ல வருஷம் ஆகாது.

நடுத்தர வருஷத்தில் 20 குவிண்டால், வியாபாரி விலை ரூ.1,900 என்றால் வரவு ரூ.38,000. நிற்பது ரூ.11,000 அளவில். கெட்ட வருஷத்தில் பயிர் சாய்ந்து 12 குவிண்டால்தான் என்றால் வரவு ரூ.22,800. நான்காயிரம் கைநட்டம். சாய்ந்த பயிரை அறுக்க வண்டிக்குக் கூடுதல் நேரம் பிடிப்பதால் நட்டம் இன்னும் ஏறும். ஐந்து வருஷத்தில் இரண்டு நல்லது, இரண்டு நடுத்தரம், ஒன்று கெட்டது என்று கூட்டிப் பிரித்தால் ஏக்கருக்குச் சராசரி ரூ.15,000க்குக் கொஞ்சம் குறைவு.

தண்ணீரே இந்த ஐந்து வருஷப் பிரிவை முடிவு செய்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. 1959இல் வைகை அணை வந்தது. ஆனாலும் ஆயக்கட்டு என்னும் பாசனப் பரப்பு முழுவதற்கும் ஒரே பங்கு இல்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரையிலான 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரும் ஒருபோகம். அணையில் இருப்பு போதாத வருஷம் ஒருபோகப் பகுதிக்குத் தண்ணீர் தள்ளிப்போகும், சில வருஷம் வராது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. இப்படி ஒரு வருஷம் வந்தால் அதற்கு முந்திய மூன்று வருஷத்து மிச்சமும் போய்விடும்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது குறைந்த தொகைதான். உணவுப் பயிருக்குக் குறுவை வகைப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், சம்பா வகைப் பருவத்தில் 1.5 சதவீதம் என்ற வரம்பு. ஆனால் பரவலான இழப்பைத் தனித்தனி வயலாக அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து அந்தப் பகுதியின் சராசரியை எடுப்பார்கள். ஊர்ச் சராசரி தப்பித்துவிட்டால், கடைமடையில் தண்ணீர் எட்டாமல் காய்ந்த ஒருவருடைய வயல் அந்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

நகரத்துக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். அங்கே போனதும் வேலை காத்துக்கொண்டிருப்பதில்லை. 1970இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை எளிதாக விளக்கினார்கள். போகிறவர் நகரத்துச் சம்பளத்தை அப்படியே பார்ப்பதில்லை, அந்தச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறார். இதற்கு எதிர்பார்ப்பு வருமானம் என்று பெயர். மாதம் ரூ.15,000 வேலை, ஆனால் நான்கு மாதத்தில் மூன்று மாதம்தான் வேலை இருக்கும் என்றால் எதிர்பார்ப்பு வருமானம் ரூ.11,250. அறை வாடகைப் பங்கு, மெஸ், பஸ், போன் என்று ரூ.6,500 போனால் மிச்சம் ரூ.4,750.

பெரிய தொகை இல்லைதான். ஊரில் "டவுனுக்குப் போனா பணம் கொட்டும்" என்று யாரும் உண்மையில் நம்புவதும் இல்லை. போய் வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எல்லாம் தெரியும். இந்த ரூ.4,750ஐ எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் கேள்வி. அங்கேதான் பெரும்பாலான பேச்சு தவறிவிடுகிறது.

கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும்

ஒரு கண்மாய்க்குக் கொள்ளளவு உண்டு. அதற்கு மேல் வரும் தண்ணீர் கலுங்கு ஏறி மறுகாலாக அடுத்த கண்மாய்க்குப் போகும். தண்ணீருக்கு அந்தக் கண்மாயைப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நிலத்துக்கும் இப்படி ஒரு கொள்ளளவு இருக்கிறது. எத்தனை பேருடைய உழைப்பை அது உள்வாங்கும் என்பதற்கு ஓர் எல்லை.

தாத்தாவுக்கு ஆறு ஏக்கர், அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு இரண்டு ஏக்கர். பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று ஒன்று. வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் (ஒருவர் பயிர் செய்யும் மொத்த நிலத்தின்) சராசரிப் பரப்பு 1970-71இல் 1.45 ஹெக்டேர், 2015-16இல் 0.75 ஹெக்டேர். அதாவது மூன்றரை ஏக்கருக்கு மேல் இருந்தது இரண்டு ஏக்கருக்கும் கீழே வந்துவிட்டது.

பரப்பு குறைவது ஒரு பக்கம். பிரிவினையின் இன்னொரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. பங்குக் கிணற்றில் முறைத்தண்ணீர்: இவருக்கு இரண்டு நாள், அவருக்கு இரண்டு நாள். மோட்டாரின் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். மோட்டார் எரிந்தால் யார் பங்கு எவ்வளவு என்று பேசி முடிப்பதற்குள் பயிர் வாடிவிடும். எல்லாருக்கும் சமமாக வாய்க்கால் முகம் கிடைக்க வேண்டுமென்று நீளவாக்கில் கீற்றுக் கீற்றாகப் பிரித்திருப்பார்கள். அதில் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. வரப்பு உடையும், மூலைகள் உழாமல் நிற்கும், உழவு நேரம் கூடும். உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தால் ஒருவர் கடன் வாங்க மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் அது நடக்காது.

இப்போது விட்ட இடத்துக்கு வருவோம். மேலூர் ஒருபோகப் பகுதியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு வீடு. முன் சொன்ன சராசரிப்படி வருஷத்துக்கு ரூ.30,000க்கு உள்ளே. அப்பா, அம்மா, 22 வயது மகன். மகன் திருப்பூருக்குப் போய்விட்டால் அந்த வயலில் விளைச்சல் எவ்வளவு குறையும்?

ஏறத்தாழ ஒன்றும் குறையாது. உழவு டிராக்டர், அறுப்பு வண்டி, நடவும் களையும் கூலிப் பெண்கள், தண்ணீர் கட்ட அப்பா. மகன் இருந்தால் வருஷத்தில் பத்து நாள் ஆள் கூலி மிச்சமாகும். நாள் கூலி ரூ.700 என்றால் ரூ.7,000. அவன் போனால் நான்காயிரத்துச் சொச்சம் மாதாமாதம், வருஷத்துக்கு ரூ.57,000. ஒருவர் வேலையில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் அவர் விலகினாலும் விளைச்சல் குறையாது என்றால் அதற்கு மறைமுக வேலையின்மை என்று பெயர். மகனுடைய சம்பளத்தை வயலின் முழு வருமானத்தோடு ஒப்பிடுவது தவறு. அவன் தங்குவதால் வயலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த ரூ.7,000தான் சரியான எதிர்த்தட்டு.

நாட்டுக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2023-24இல் இந்தியாவில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் வேளாண்மையில் இருந்தார்கள். உற்பத்தி மதிப்பில் அதன் பங்கு 18 சதவீதம் அளவில். வகுத்துப் பார்த்தால், மற்றத் தொழில்களில் தலைக்கு வருவது வேளாண்மையில் வருவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

சுருக்கமாக: நிலம் துண்டாகியது, எந்திரம் வந்தது, ஆளின் தேவை குறைந்தது. கூடுதலாக இருக்கும் ஆள் மறுகால் பாய்கிறார்.

அப்படியானால் "ஆள் கிடைக்கவில்லை" என்பது பொய்யா?

பொய் இல்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி சொல்வதும் உண்மை, ஊரில் வேலை இல்லை என்று இளைஞர் சொல்வதும் உண்மை. கால்வாயில் தண்ணீர் திறந்தால் ஆயக்கட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடவுக்குத் தயாராகும். 25 முதல் 30 நாளுக்குள் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும், முற்றினால் தூர் கட்டாது. எல்லாருக்கும் ஒரே இரண்டு வாரத்தில் ஆள் வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குக் கூலி ஏறும். பிறகு களை எடுப்பு ஒரு சுற்று. அறுப்பில் முன்பு ஓர் ஏக்கருக்குப் பதினைந்து இருபது பேர் அரிவாளோடு இறங்குவார்கள். இப்போது அது ஒருமணி நேரத்து வண்டி வேலை. வருஷத்தில் நாற்பது ஐம்பது நாள் வேலைக்காக ஒருவர் 365 நாளும் ஊரில் காத்திருக்க முடியாது. அவர் போய்விட்டார். அந்த இரண்டு வாரத்தில் அவரைத் தேடுகிறோம். சில இடங்களில் நடவுக்கு இன்றைக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள்.

நூறு நாள் வேலையின் மேல் விழும் பழியையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு ரூ.336. நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு வீட்டுக்கு ரூ.33,600. அந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறையப் பேர். இருபத்திரண்டு வயதுப் பையன் வயலை விட்டுப் போனதற்கு இந்த வேலை காரணமாக இருக்க முடியாது. அவன் அங்கேயும் இல்லை.

பட்டா யார் பெயரில்?

இதுவரை பார்த்தது வீட்டின் கணக்கு. பிள்ளையின் கணக்கு இன்னும் இறுக்கமானது. நிலம் அப்பா பெயரில். பயிர்க்கடன் அப்பா பெயரில். வருஷத்துக்கு ரூ.6,000 வரும் பிரதமர் கிசான் உதவித்தொகை அப்பாவின் வங்கிக் கணக்கில். என்ன பயிர் வைப்பது, எப்போது விற்பது என்பதும் அவர் முடிவு. மகன் நாற்பது வயது வரை உழைத்தாலும் கையில் சொந்தக் காசு என்று எதுவும் இருக்காது. சட்டை வாங்கவும் பெட்ரோல் போடவும் அம்மாவிடம் கேட்க வேண்டும். சொட்டுநீர் போடலாம், மல்லிக்கு மாறலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை இருந்தால், அதைச் செய்ய நிலமும் இல்லை, கடன் வாங்கத் தகுதியும் இல்லை. திருப்பூரில் முதல் வாரச் சம்பளம் அவன் கையில் வருகிறது. இதற்கு மண் மேல் பற்றில்லை என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை.

தானே நிலம் வாங்கலாமே என்றால், சாலை ஓரத்து நிலத்தின் விலை வெள்ளாமைக் கணக்கோடு தொடர்பு அறுந்து வெகுநாள் ஆகிறது. ஏக்கர் ரூ.25 லட்சம் என்று வைத்தால், நல்ல வருஷத்து ரூ.28,000 மிச்சத்தை அப்படியே சேர்த்தாலும் அடைக்க எண்பத்தொன்பது வருஷம். அந்த விலை மனைக்கட்டின் விலை.

கல்யாணப் பேச்சும் இங்கே சேர்ந்துகொள்கிறது. பெண் வீட்டார் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்பதில் மேட்டிமை இருப்பதாகப் பலர் கோபப்படுகிறார்கள். தங்கள் மகள் விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வயலில் களை எடுத்து, அந்த நிலத்தில் தன் பெயர் இல்லாமலே வாழ்வாள் என்று தெரிந்த பெற்றோர் வேறு என்ன கேட்பார்கள்? 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தன. ஆனாலும் நிலப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் தொடர்கிறது. பெண்பிள்ளைகளும் போகிறார்கள். மேற்கு மாவட்டத்து நூற்பாலை விடுதிகளுக்கு, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்ற பேச்சை நம்பிப் போனவர்களில், உடம்பு முடியாமல் இடையில் திரும்பியதால் அந்தத் தொகையை இழந்தவர்கள் உண்டு. ஏஜென்ட் மூலம் முன்பணம் வாங்கிப் போகிற எந்த வேலையிலும் இதே அபாயம் இருக்கிறது. முன்பணம் கழியும்வரை வேலையை விட முடியாது, கழிந்ததா என்ற கணக்கு முதலாளியின் நோட்டில்தான்.

நிலமே இல்லாதவர்கள்

"விவசாயி மகன் விவசாயத்தை விட்டான்" என்ற பேச்சில் பாதி ஊர் விடுபட்டுப் போகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு உழைப்பாளர்களில் பயிர் செய்பவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம், விவசாயக் கூலிகள் 29 சதவீதம். கூலிக்குப் போனவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். அவர்களில் பலருக்கு விடுவதற்கு நிலமே இல்லை. விட்டது இன்னொருவர் வயலில் செய்த வேலையை. அதோடு சேர்த்து, நிலக்காரர் வீட்டுப் பேரன் வயதுப் பையன் தங்கள் தாத்தாவைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடும் வழக்கத்தையும் விட்டார்கள். திருப்பூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று ஒருவர் சொல்வதை வெறும் கூலிக் கணக்கு விளக்காது. நகரம் இழுக்கும் காரணி என்று பாடநூல்கள் சொல்வதில் நகரத்து விளக்கொளியும் சினிமாவும்தான் பேசப்படுகின்றன. யாரும் தன்னைக் கேள்வி கேட்காத ஓர் இடம் அதைவிடப் பெரிய இழுப்பு.

வீட்டுக்குள் ஓர் ஊடுபயிர்

டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசல் மானாவாரியில் பருத்தி மட்டும் தனியாகப் போடுவதை விட, இடையில் உளுந்தோ பாசிப்பயறோ சேர்த்து ஊடுபயிராகப் போடுவது பழைய புத்தி. ஒன்று ஏமாற்றினால் மற்றது காப்பாற்றும். இன்றைக்குக் குடும்பங்கள் பிள்ளைகளை வைத்து இதையே செய்கின்றன. ஒருவர் வயலில், ஒருவர் திருப்பூரில், படித்த பெண் மதுரையில் ஒரு மருத்துவமனையிலோ கடையிலோ. வைகையில் தண்ணீர் இல்லாத வருஷமும் பின்னலாடை ஆர்டர் குறைந்த வருஷமும் ஒன்றாக வருவது அபூர்வம். ஒரே காரணத்தால் எல்லா வரவும் ஒரே நேரத்தில் அடிபடாமல் பிரித்து வைப்பதற்கு இடர்ப் பகிர்வு என்று பெயர். போவது என்ற முடிவைப் பல நேரம் எடுப்பது அந்தப் பையன் இல்லை. வீடுதான்.

எந்த ஊருக்கு என்பதையும் அவன் தனியாக முடிவு செய்வதில்லை. முதலில் போன மாமா மகன் அறையில் இடம் கொடுப்பான், கம்பெனியில் சொல்லிவிடுவான். வேலை தேடும் செலவு குறையும். பிறகு அந்தத் தெருவே அந்தக் கம்பெனிக்குப் போகும். இது சங்கிலிக் குடிபெயர்வு. பக்கத்து பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு வேறு நகரங்களுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விவசாயக் குடும்பங்களின் வரவைத் தேசிய மாதிரி ஆய்வு 2018-19இல் கேட்டுப் பதிவு செய்தது. நாட்டுச் சராசரி மாதம் ரூ.10,218. அதில் பயிரிலிருந்து வந்தது ரூ.3,798. கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது ரூ.4,063. கேட்கப்பட்டவை எல்லாம் விவசாயக் குடும்பங்கள்தான். அந்த வீடுகளிலேயே வயலை விட வெளிச்சம்பளம் கூடுதலாக வந்திருக்கிறது.

யார் தங்குகிறார்கள்?

எல்லாரும் போகவில்லை. தங்கியவர்களைப் பார்த்தால் மேலே சொன்ன ஒவ்வொரு முடிச்சும் அங்கே எங்கேயோ ஓர் இடத்தில் அவிழ்ந்திருக்கும்.

மல்லி ஓர் உதாரணம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குத் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் நல்ல மண். பருவத்தில் விடியுமுன் மொட்டுப் பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பினால் அன்றாடம் பணம். அதிலும் ஏற்ற இறக்கம் கடுமை. தை மாத முகூர்த்தத்துக்குக் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது பனியால் செடியில் பூ இருக்காது, பூ குவியும் கோடையில் பறிகூலிக்கே கட்டாத நாள் வரும். இருந்தாலும் டீக்கடைக் கல்லாவைப்போல் சில்லறை வருகிறது. கறவை மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடும் அப்படித்தான். கள்ளந்திரிக்கு மேலே இருபோகப் பகுதியில், அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் தங்குகிற பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. சொந்த டிராக்டரோ பெல்ட் வண்டியோ வாங்கி வாடகைக்கு ஓட்டும் இளைஞர் தங்குகிறார். அவர் ஓர் ஏக்கரில் உழைப்பதில்லை, ஊரின் நூறு ஏக்கரில் சம்பாதிக்கிறார். அப்பா உயிரோடு இருக்கும்போதே உட்பிரிவு செய்து தனிப் பட்டா கொடுத்த வீட்டில், மகன் தன் பெயரிலேயே கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்துகிறார்.

மற்ற வீடுகளில் செப்டம்பரில் ஒருபோகத்துக்குத் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் திருப்பூருக்குப் போன் போகும். உழவுக்கு நாலாயிரத்து இருநூறு, வரப்பு வெட்ட ரெண்டாயிரத்து ஐநூறு, விதைக்கு ஆயிரத்து இருநூறு. அன்று இரவு ஷிப்ட் முடிந்ததும் அவன் போனிலிருந்தே பணம் போட்டுவிடுவான். மறுநாள் காலையில் டிராக்டர் வயலில் இறங்கும்.